ஆப்கானியரையும் சமோவரையும் ஒப்பிடப் போகிறீர்களா? வருமானத்தைக் கடைசியில் பாருங்கள்

இரண்டு புலம்பெயர் சமூகங்களை ஒப்பிடச் சொன்னால் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: இரண்டு பக்கமும் குடும்ப வருமானம், வறுமை விகிதம், பட்டதாரிகள் எத்தனை சதவீதம் என்று மூன்று எண்களை எடுத்து அட்டவணை போட்டு, யார் மேலே யார் கீழே என்று எழுதி முடித்துவிடுவார்கள். ஆப்கானியர், பசிபிக் தீவுகளான சமோவாவைச் சேர்ந்த சமோவர் விஷயத்தில் இப்படிச் செய்தால் எண்கள் சரியாக இருக்கும், முடிவு தப்பாகிவிடும். ஆப்கானியர்களில் பலர் போரிலிருந்து தப்பி வந்தவர்கள். சமோவர்களில் கணிசமானவர்களைச் சட்டம் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களாகவே பார்ப்பதில்லை. எந்த வழியாக, எந்த ஆண்டில், கையில் என்ன காகிதத்தோடு வந்தார்கள் என்று முதலில் பிரித்துக்கொண்டால்தான் வருமான எண்ணுக்கு ஒரு பொருள் கிடைக்கும். கல்லூரி ஆய்வோ, தொண்டு நிறுவன அறிக்கையோ, பத்திரிகைக் கட்டுரையோ, எதுவானாலும் வேலையைக் கீழே சொல்லும் வரிசையில் செய்யுங்கள்.

நாட்டை முடிவு செய்யுங்கள்

இரண்டு சமூகங்களும் கணிசமாக வாழும் நாடுகள் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. ஐரோப்பாவில் ஆப்கானியர்கள் அதிகம், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் அவர்களுக்குப் பெரிய மையம், ஆனால் அங்கே ஒப்பிடும் அளவுக்குச் சமோவர்கள் இல்லை, அதனால் விட்டுவிடலாம். மீதி மூன்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே நில்லுங்கள். கலிபோர்னியா ஆப்கானியரையும் ஆக்லாந்து சமோவரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் நீங்கள் ஒப்பிடுவது இரண்டு சமூகங்களை என்பதைவிட இரண்டு நாடுகளின் சம்பளத்தையும் வீட்டு வாடகையையும்தான். நான் இங்கே அமெரிக்காவை வைத்தே விளக்குகிறேன், மற்ற இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று பிறகு சொல்கிறேன்.

யாரை எண்ணுகிறீர்கள்?

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். சமோவா என்று ஒரே இடம் கிடையாது. 1962 ஜனவரி 1 அன்று நியூசிலாந்திடமிருந்து விடுதலை பெற்ற சமோவா ஒன்று, 1997 வரை அதன் பெயர் மேற்குச் சமோவா. இன்னொன்று 1900 முதல் அமெரிக்காவின் கையில் இருக்கும் அமெரிக்கச் சமோவா. அங்கே பிறந்தவர் விசா இல்லாமல் ஹவாயிலோ கலிபோர்னியாவிலோ குடியேறலாம், வேலை பார்க்கலாம். ஆனால் பிறப்பால் அவர் அமெரிக்கக் குடிமகன் இல்லை, 'அமெரிக்க தேசத்தவர்' என்ற தனி நிலை. ஆகவே மாநிலத்தில் குடியிருந்து வரி கட்டினாலும் அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது, குடியுரிமை கேட்கும் சில அரசு வேலைகளுக்கும் போக முடியாது. யூட்டா மாநிலத்தில் வசிக்கும் சமோவர்கள் இதை எதிர்த்துப் போட்ட வழக்கை 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க மறுத்துவிட்டது. அமெரிக்கச் சமோவாவின் அரசே அந்த வழக்கை எதிர்த்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், குடியுரிமை வந்தால் குடும்பங்களின் பொது நில உரிமைக்குப் பாதிப்பு வருமோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது.

இதற்கும் புள்ளிவிவரத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை அமெரிக்கச் சமோவாவில் பிறந்தவரை 'உள்நாட்டில் பிறந்தவர்' கணக்கில்தான் சேர்க்கிறது. நீங்கள் 'வெளிநாட்டில் பிறந்தோர்' அட்டவணையை எடுத்தால் அவர்கள் மொத்தமாகக் காணாமல் போவார்கள். மாறாக, இனக் கேள்வியில் 'சமோவன்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை எடுத்தால் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் மூன்றாம் தலைமுறையாகப் பிறந்த பிள்ளையும் உள்ளே வருவாள்.

ஆப்கானியருக்கு நிலைமை நேர் எதிர். இனக் கேள்வியில் அவர்களுக்கென்று கட்டம் கிடையாது. பிறந்த நாடு, வம்சாவளி என்ற இரண்டு கேள்விகள் வழியாகத் தேடுவதே வழக்கம். வம்சாவளிக் கேள்வியிலும் ஒருவர் ஆப்கான் என்று எழுதாமல் பஷ்தூன், ஹசாரா என்று தன் இனக்குழுவின் பெயரை எழுதிவிட வாய்ப்புண்டு.

எனவே பலர் தெரியாமலேயே சமோவர் பக்கம் மூன்று தலைமுறையையும், ஆப்கானியர் பக்கம் முதல் தலைமுறையை மட்டும் வைத்து ஒப்பிட்டுவிடுகிறார்கள். மொழி, வேலை, வருமானம் எல்லாமே இதில் கோணலாகிவிடும். முதல் தலைமுறையை முதல் தலைமுறையோடு வையுங்கள், வம்சாவளியினர் எல்லோரையும் எடுத்தால் இரண்டு பக்கமும் எல்லோரையும் எடுங்கள். சமோவர் பக்கம் இன்னொரு முடிவும் எடுக்க வேண்டியிருக்கும்: 2010 கணக்கெடுப்பில் சமோவன் என்று மட்டும் சொன்னவர்கள் 1,09,637 பேர், வேறு இனத்தோடு சேர்த்துச் சொன்னவர்களையும் கூட்டினால் 1,84,440 பேர். இடைவெளி சிறியதா என்ன? எதை எடுத்தீர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

வந்த வழியை அடுக்குங்கள்

ஆப்கானியர்களை மூன்று அடுக்காகவாவது பிரிக்காமல் எந்தச் சராசரியும் போடாதீர்கள். 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்த பிறகு வந்த முதல் அலையில் காபூலின் படித்த குடும்பங்கள் அதிகம். அவர்கள் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலும் வர்ஜீனியாவின் வடபகுதியிலும் ஊன்றினார்கள், பிள்ளைகள் இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் படித்து வேலையில் இருக்கிறார்கள். இரண்டாவது, அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராகவும் ஊழியராகவும் இருந்து சிறப்பு விசாவில் வந்தவர்கள், சாக்ரமெண்டோவில் நிறையப் பேர். இறங்கும்போதே அவர்களுக்கு நிரந்தரமாக வசிக்கும் உரிமை தரும் கிரீன் கார்டு உறுதி. மூன்றாவது, 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தபோது விமானத்தில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டவர்கள். அந்த நடவடிக்கையில் வந்தவர்கள் 76 ஆயிரத்துக்கு மேல், பெரும்பாலானவர்களுக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டு 'பரோல்' என்ற தற்காலிக அனுமதி மட்டும். 2022இல் தரப்பட்ட தற்காலிகப் பாதுகாப்பு நிலையையும் 2025இல் அரசு நிறுத்திவிட்டது. ஒரே ஊரில், ஒரே மசூதியில், ஒருவர் நாற்பது ஆண்டாக இங்கே வேரூன்றியவர், பக்கத்தில் நிற்பவருக்கு அடுத்த ஆண்டு இங்கே இருப்போமா என்பதே தெரியாது. இவர்களைக் கூட்டி இரண்டால் வகுத்து வரும் 'சராசரி ஆப்கானியர்' எங்குமே வாழவில்லை.

சமோவர் பக்கம் வழி கடற்படை. அமெரிக்கச் சமோவாவின் பாகோ பாகோ துறைமுகத்தில் இருந்த அமெரிக்கக் கடற்படைத் தளம் 1951இல் மூடப்பட்டது, தீவின் முக்கியமான சம்பளமே அதுதான். வேலை போனதும் குடும்பங்கள் கடற்படையைப் பின்தொடர்ந்து ஹோனலூலுவுக்கும் சான் டியேகோ, லாங் பீச் பக்கமும் நகர்ந்தன. யூட்டாவின் சால்ட் லேக் சிட்டிக்குப் போனவர்களை இழுத்தது மார்மன் திருச்சபை. இன்றும் தீவில் தனியார் வேலை என்றால் பெரும்பாலும் டூனா மீன் ஆலைதான், 2009இல் ஒரு பெரிய ஆலை மூடியபோது மறுபடியும் ஆட்கள் கிளம்பினார்கள். ராணுவத்தில் சேருவது இங்கே பெரிய ஏணி. சம்பளம், முன்னாள் படைவீரர் மருத்துவ உதவி, கல்விச் சலுகை எல்லாம் அதன் வழியாக வருகின்றன, எனவே அட்டவணையில் ராணுவத்துக்கு ஒரு வரிசை ஒதுக்குங்கள்.

அரசு உதவியையும் இந்த வழியோடு சேர்த்தே படிக்க வேண்டும். 1996 சட்டப்படி கிரீன் கார்டில் வருபவர் பல மத்திய அரசு உதவிகளுக்கு ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும், சுதந்திரச் சமோவாவிலிருந்து உறவினர் விசாவில் வந்தவருக்கு இது பொருந்தும், அமெரிக்கச் சமோவாக்காரருக்குப் பொருந்தாது, அகதிகளுக்கும் அப்போது விலக்கு இருந்தது. 2025இல் அகதிகளுக்கான உணவு உதவியையே சட்டம் சுருக்கிவிட்டது. ஆகவே 'இவர்கள் உதவித்தொகை அதிகம் வாங்குகிறார்கள்' என்ற வாக்கியத்தை எழுதும் முன் அந்த ஆண்டில் யாருக்கு வாங்க அனுமதி இருந்தது என்று பாருங்கள்.

இப்போது வருமானம்

இரண்டு சமூகங்களிலும் வீடு பெரிது. ஒரே கூரையின் கீழ் நான்கு பேர் சம்பாதிப்பார்கள், எட்டுப் பேர் சாப்பிடுவார்கள். ஒரு கற்பனைக் கணக்கு: முதல் வீட்டில் ஆறு பேர், ஆண்டு வருமானம் 90,000 டாலர். இரண்டாவது வீட்டில் மூன்று பேர், 60,000 டாலர். வீட்டு வருமானத்தில் முதல் வீடு மேலே. தலைக்கு வகுத்தால் 15,000, 20,000, அதாவது இரண்டாவது வீடு மேலே. ஒரே அடுப்பு, ஒரே வாடகை என்பதால் செலவு ஆள் கணக்கில் அப்படியே ஏறாது என்று, பொருளாதார ஆய்வாளர்கள் வழக்கமாகச் செய்வதுபோல ஆட்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் எடுத்து வகுத்தால் சுமார் 36,700, 34,600. மறுபடியும் முதல் வீடு மேலே வந்துவிட்டது! அதனால் மூன்றையும் போடுங்கள். மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் தைரியமாக எழுதலாம், மாறி மாறிக் காட்டினால் அந்த மாறுவதைத்தான் எழுத வேண்டும்.

அமெரிக்காவின் அதிகாரபூர்வ வறுமைக்கோடு ஊருக்கு ஊர் மாறாது. ஹோனலூலுவின் வாடகைக்கும் சிறு நகரத்தின் வாடகைக்கும் ஒரே கோடு. இரண்டு சமூகங்களும் விலை அதிகமான ஊர்களில் கூடியிருப்பதால் உண்மையான நெருக்கடி அந்தக் கோட்டுக்கு மேலேயும் இருக்கும். வீட்டுச் செலவைக் கணக்கில் எடுக்கும் துணை வறுமை அளவையும் சேர்த்துப் பாருங்கள்.

கல்வியில் ஆப்கானியர் பக்கம் இரண்டு முனைகள்: காபூலில் மருத்துவம் படித்தவர் ஒருபுறம், 1996 முதல் 2001 வரையான தாலிபான் ஆட்சியில் பள்ளி மறுக்கப்பட்ட பெண் மறுபுறம். பட்டம் இருந்தாலும் அமெரிக்கத் தேர்வுகள் எழுதி உரிமம் வாங்கும்வரை அந்த மருத்துவர் டாக்ஸிதான் ஓட்டுவார், அதனால் பட்டத்தையும் தொழிலையும் குறுக்காக வைத்துப் பாருங்கள். சமோவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்பை முடிக்கிறார்கள், ஆங்கிலமும் வரும், ஆனால் நான்காண்டுப் பட்டம் வரை போகிறவர்கள் குறைவு. பெண்கள் வேலைக்குப் போவது சமோவரிடம் அதிகம், ஆப்கானியரிடம் குறைவு. இதைப் பண்பாடு என்று ஒரே சொல்லில் மூடிவிடாமல் குழந்தைப் பராமரிப்பு, மொழி வகுப்பு, ஓட்டுநர் உரிமம் மூன்றையும் விசாரியுங்கள்.

சொந்த வீடு என்ற அளவுகோலில் கவனம் தேவை. வட்டிக் கடன் மார்க்கத்துக்கு விரோதம் என்று தவிர்க்கும் ஆப்கான் குடும்பம் பணம் இருந்தும் வாடகைக்கு இருக்கலாம். சமோவர் குடும்பத்தில் சேமிப்பு வேறு பக்கம் போகிறது: திருமணம், இறப்பு, குடும்பத் தலைவர் பட்டம் ஏற்பது போன்ற குடும்பக் கடமைகளை அவர்கள் 'ஃபாலவெலவே' என்கிறார்கள், அதற்கும் தேவாலயத்துக்கும் கொடுத்தது போகத்தான் மீதி. ஊருக்கு அனுப்பும் பணம் சுதந்திரச் சமோவாவின் மொத்த உற்பத்தியில் கால் பங்குக்கும் மேல். ஆப்கானியர்களும் அனுப்புகிறார்கள், பெரும்பகுதி ஹவாலா வழியாக. இந்தச் செலவு எந்தக் கணக்கெடுப்பு அட்டவணையிலும் வராது, நேரில் கேட்டால்தான் தெரியும்.

தரவு எங்கே, எவ்வளவு நம்பலாம்

கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் மாதிரி எடுத்து நடத்தும் அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வேயின் ஐந்தாண்டுத் தொகுப்பு உங்கள் அடிப்படை, ஓராண்டுத் தரவில் இவ்வளவு சிறிய சமூகங்களுக்கு ஆள் போதாது. ஆனால் 2021ஐ நடுவில் வைத்த தொகுப்பில் காபூல் வீழ்ச்சிக்கு முன்னும் பின்னும் கலந்துவிடும், அதனால் ஐபம்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் தனிநபர் பதிவுகளை இறக்கி, வந்த ஆண்டை வைத்து நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்புத் துறை தரும் பிழைவரம்பு 90 சதவீத நம்பிக்கைக்கானது. ஒரு பக்கம் வறுமை 18 சதவீதம், பிழை 5, மறுபக்கம் 13 சதவீதம், பிழை 4 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 6.4 வருகிறது. வித்தியாசமோ 5தான். அப்படியானால் வித்தியாசம் இருப்பதாக எழுதக் கூடாது, எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும்

ஆஸ்திரேலியாவில் பல சமோவர்கள் நியூசிலாந்துக் குடிமக்களாக வந்தவர்கள். 2001 பிப்ரவரி 26க்குப் பிறகு வந்தவர்களுக்கு வேலை செய்ய உரிமை உண்டு, பெரும்பாலான உதவித்தொகை கிடையாது, நேரடிக் குடியுரிமைப் பாதை 2023 ஜூலையில்தான் திறந்தது. ஆப்கானியர்களில் மனிதாபிமான விசாவில் வந்தவருக்கு முதல் நாளிலிருந்தே சேவைகள், படகில் வந்த ஹசாராக்களுக்கோ ஆண்டுக்கணக்கில் தற்காலிக விசாதான் இருந்தது. மெல்போர்னின் டான்டெனாங்கில் இரண்டு வகையினரையும் பார்க்கலாம்.

நியூசிலாந்தில் ஆண்டுக்கு வழக்கமாக 1,100 சமோவர்களுக்கு நிரந்தரமாகக் குடியேற ஒதுக்கீடு உண்டு. சமோவர்களில் பாதிக்கு மேல் இப்போது அங்கேயே பிறந்தவர்கள். 1970களில் விடிகாலையில் வீடு புகுந்து பசிபிக் மக்களைப் பிடித்த சோதனைகளுக்கு 2021 ஆகஸ்டில்தான் அப்போதைய பிரதமர் ஆர்டெர்ன் மன்னிப்புக் கேட்டார். அதே நாடு 2001இல் டம்பா என்ற சரக்குக் கப்பல் கடலில் மீட்ட அகதிகளில் 131 பேரை ஏற்றுக்கொண்டது, பெரும்பாலும் ஆப்கானியர்கள். அகதிகள் முதலில் தங்கும் மையம் தெற்கு ஆக்லாந்தின் மாங்கரேயில், சமோவர்களின் கோட்டையான அதே பகுதியில். அங்குள்ள கணக்கெடுப்பில் ஆப்கானியர் 'ஆசியர்' பிரிவில் வருவதால் ஆசியர் சராசரியை அவர்கள் தலையில் ஏற்றிவிடாதீர்கள்.

நேரில் பேசும்போது

சமோவர் பக்கம் போதகர் வழியாகவும் குடும்பத் தலைவரான மத்தாய் வழியாகவும் போனால் கதவு திறக்கும், ஆனால் காணிக்கைச் சுமையைப் பற்றி அவர்கள் முன்னால் யாரும் பேச மாட்டார்கள், இளையவர்களைத் தனியாகச் சந்தியுங்கள். ஆப்கான் பெண்களிடம் பேசப் பெண் ஒருவரே போகட்டும், தாரி, பஷ்தோ இரண்டில் எது என்று முன்பே கேட்டு அதற்கேற்ற மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிப்போங்கள், கணவரையோ மகனையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். 2021க்குப் பிறகு வந்தவர்களிடம் விசா நிலையைக் கேட்டாலும் அதைப் பெயரோடு சேர்த்து எங்கும் எழுதாதீர்கள், ஒலிப்பதிவும் வேண்டாம். ஆய்வுக்காக நீங்கள் வைத்திருக்கும் ஒரு குறிப்பேடு அவர்களை நாட்டைவிட்டு அனுப்பக் காரணமாகிவிடக் கூடாது.