பெங்களூர் – பாண்டி இரண்டு நாள் பயணம்: ரூம் போடும் முன் காலண்டரைப் பாருங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்குக் கீழ் வீட்டுத் தம்பியிடமிருந்து போன். "அண்ணா, பாண்டியிலேர்ந்து வந்துட்டிருக்கோம். திருவண்ணாமலைக்கு முன்னாடியே வண்டிய நிறுத்திட்டாங்க, ஒரு மணி நேரமா நகரல. வேற ரூட் ஏதாவது இருக்கா?" பின்னால் கைக்குழந்தை அழுகிற சத்தம். குழந்தையை வைத்துக்கொண்டு அந்த ராத்திரியில் அங்கிருந்து போகிற மாதிரி வேறு ரூட் கிடையாது. எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானும் அதே இடத்தில் அதே மாதிரி நின்றிருக்கிறேன்.

பெங்களூரில் வேலை பார்க்கிற நம் ஆட்களுக்குக் கடல் என்றால் முதலில் பாண்டிதான். கோகர்ணம், மங்களூர் எல்லாம் இருக்கட்டும், மலை இறங்காமல் சுமார் 300 கிலோமீட்டரில் போய்ச் சேர்ந்து, தமிழில் பேசி, மீன் குழம்பு சாப்பிட்டு, கடல் பார்த்துவிட்டு வரலாம். ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம், பாண்டி. பன்னிரண்டு வருடத்தில் இந்த வழியில் இருபது தடவைக்கு மேல் போய் வந்திருக்கிறேன். கல்யாணமாகாத காலத்தில் பைக்கில், அப்புறம் அப்பா அம்மாவோடு, இப்போது பிள்ளைகளோடு. டயரில் காற்று பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். வருடா வருடம் புதிதாக யாராவது வந்து விழுகிற பள்ளங்களை மட்டும் சொல்கிறேன்.

எட்டு மணிக்கு டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஓசூர் ரோட்டில் இறங்கினால் பாதி பெங்களூர் உங்களோடு வரும். சில்க் போர்டு, எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி டோல், ஓசூர் என்று தாண்டுவதற்குள்ளேயே இரண்டு மணி நேரம் போய்விடும், பாண்டி சேரும்போது மூன்று மணி, குளித்துத் தூங்கி எழுந்தால் சனிக்கிழமை முடிந்தது. வீட்டை விட்டு நாலு மணிக்குக் கிளம்புங்கள். குழந்தைகளைத் தூக்கத்தோடு தூக்கி வண்டியில் போட்டுக்கொள்ளலாம்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்த கையோடு கிளம்பலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். கிருஷ்ணகிரி தாண்டியதும் நாலு வழிச் சாலையின் சுகம் போய்விடும், அப்புறம் ஊருக்குள் புகுந்து போகிற சாலை, பின்விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர்கள். பத்து மணி நேரம் வேலை பார்த்த கண்ணோடு ராத்திரியில் ஓட்டுகிற சாலை இல்லை அது.

பௌர்ணமி எப்போது என்று பார்க்காதது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம் இது.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் என்பது எல்லோருக்கும் தெரியும். அது எந்தெந்தச் சாலையில் போகிறது என்பதைப் பாண்டிக்குக் கிளம்புகிறவர்கள் யோசிப்பதில்லை. கோயிலிலிருந்து ரமணாசிரமத்தைத் தாண்டிப் போகிற செங்கம் சாலையும் கிரிவலப் பாதையில் ஒரு பகுதிதான். பெங்களூர் வண்டிகள் ஊருக்குள் வருவதும் அதே செங்கம் சாலையில். பௌர்ணமி அன்று லட்சக்கணக்கான பேர் நடப்பார்கள். ஊரைச் சுற்றி ஒவ்வொரு சாலையிலும் தற்காலிகப் பேருந்து நிலையமும் வண்டி நிறுத்தமும் போட்டு, வெளியூர் வண்டிகளை அங்கேயே நிறுத்துவார்கள், இல்லையென்றால் சுற்றி அனுப்புவார்கள். நடக்கிறவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவர்களுக்கான நாள் அது. நானே எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். கடற்கரைக்குப் போகிறவன்தான் அந்த நாளை விட்டு விலகிப் போக வேண்டும்.

2025 மே 11 ஞாயிற்றுக்கிழமை. சித்ரா பௌர்ணமி மறுநாள் திங்கட்கிழமை என்று தெரியும். வீட்டில் அம்மாவே கேட்டார்கள், "பௌர்ணமி வருதே, பரவாயில்லையாப்பா?" திங்கட்கிழமைதானே அம்மா, நாம் ஞாயிறு ராத்திரியே தாண்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் தப்பு. காலண்டரில் பௌர்ணமி என்று போட்டிருக்கிற தேதி வேறு, பௌர்ணமி திதி ஆரம்பிக்கிற நேரம் வேறு. அந்த முறை திதி ஞாயிறு ராத்திரி எட்டு மணிவாக்கிலேயே ஆரம்பித்துவிட்டது. எட்டு மணிக்குத் திதி என்றால் ஜனங்கள் மத்தியானத்திலிருந்தே வந்து சேர்வார்கள், அதுவும் சித்ரா பௌர்ணமிக்குக் கேட்கவே வேண்டாம்.

சாயங்காலம் நாலரைக்குப் பாண்டியை விட்டுக் கிளம்பினோம். மேப்பில் வழி முழுக்கப் பச்சை, பத்தரை மணிக்கு வீடு என்று காட்டியது. மேப் பொய் சொல்லவில்லை. நாம் கிளம்புகிற நேரத்துச் சாலையைத்தான் அது பார்க்கிறது, மூன்று மணி நேரம் கழித்துப் போலீஸ் எங்கே தடுப்பு போடும் என்பது அதற்குத் தெரியாது. செஞ்சி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் சிவப்புக் கோடு தெரிந்தது, அப்புறம் பேருந்துகளின் வரிசை, அப்புறம் ஒன்றுமே நகரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வலது பக்கம் ஒரு கிராமத்துச் சாலையில் திருப்பிவிட்டார்கள். எனக்கு முன்னால் நூறு வண்டி, பின்னால் நூறு வண்டி, எதிரே ஒரு மினி பஸ் வந்தால் எல்லாரும் வரப்பில் இறங்கி நிற்க வேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரை. பையில் இருந்த பிஸ்கட்டும் வாழைப்பழமும் பத்து மணிக்கே தீர்ந்துவிட்டன. அவர்களுக்குக் கை நடுங்க ஆரம்பித்தபோது, வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, அந்த வீட்டு அக்கா கொடுத்த ரசம் சாதத்தைச் சாப்பிட வைத்துத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டோம். விடியற்காலை அஞ்சேகாலுக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்னாடியே கேட்டார்களே, அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால் ரூமுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் திதி எப்போது ஆரம்பித்து எப்போது முடிகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு மாதமும் கிரிவலம் போக உகந்த நேரத்தைக் கோயிலில் அறிவிப்பார்கள், செய்தித்தாளிலும் வரும். திதி தொடங்கும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்னாலிருந்து, முடிந்த மறுநாள் காலை வரைக்கும் திருவண்ணாமலை உங்கள் வழி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் உங்கள் போகிற பயணத்திலோ வருகிற பயணத்திலோ விழுந்தால் வாரத்தை மாற்றுங்கள்.

மாற்ற முடியாது, லீவு சொல்லியாகிவிட்டது என்றால் சேலம் வழியாகப் போங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், பாண்டி. நூறு கிலோமீட்டர் அளவுக்குக் கூடும், டோலும் கூடும், ஆனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று சொல்ல முடியும். இதில் முக்கியமான விஷயம், எந்த வழி என்று முடிவெடுக்கிற இடம். போகும்போது அது கிருஷ்ணகிரி, திரும்பும்போது பாண்டி. செஞ்சி வரைக்கும் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டால் எல்லாம் கைமீறிப் போயிருக்கும். சேத்துப்பட்டு, ஆரணி வழியாக வேலூர் போய் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம்தான், பகலில், ஊர் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால்.

"போற வழிதானே, அப்படியே கிரிவலமும் முடிச்சிடலாம்" என்பவர்களுக்கு: அது தனிப் பயணம். நடந்து முடித்த காலோடு மறுநாள் ஆறு மணி நேரம் கிளட்ச் மிதிக்க முடியாது. கார்த்திகை தீபத்தன்று அந்தப் பக்கம் வண்டியே எடுக்காதீர்கள். பௌர்ணமி இல்லாத சனி, ஞாயிறுகளிலும் இப்போது ஆந்திரா, தெலங்கானா வண்டிகள் நிறைய வருகின்றன, முக்கால் மணி நேரம் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

கீழ் வீட்டுத் தம்பியை அன்றைக்குச் செஞ்சிக்கே திரும்பி ஒரு லாட்ஜில் படுக்கச் சொன்னேன். திங்கட்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தார்கள். ஒரு நாள் சம்பளம் போச்சு. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது போதும்.

செஞ்சிக்கோட்டையை "ஒரு எட்டு பார்த்துட்டுப் போயிடலாம்" என்பது

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு இந்த ஆசை எல்லோருக்கும் வருகிறது. மராட்டியர்களின் 12 கோட்டைகளைச் சேர்த்தார்கள், அதில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான், பதினொன்று மகாராஷ்டிரத்தில். பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் ராஜகிரி 800 அடி உயரம், வெறும் பாறை, ஏறி இறங்க மூன்று மணி நேரம் வேண்டும். நாலு மணிக்குக் கிளம்பி ஒன்பதுக்கு அங்கே இருந்தால் ஏறுங்கள். பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் கீழே கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். மே மாதத்தில் அதுவும் வேண்டாம்.

செப்டம்பர் போனால் மழைக்காலம் முடிந்தது என்று நினைப்பது

பெங்களூர்க்காரர்களின் மழைக் கணக்கு வேறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஊரில் நனைந்துவிட்டு, நவம்பரில் குளிர் ஆரம்பித்துவிட்டது, கடலுக்குப் போகலாம் என்று கிளம்புவார்கள். அந்தக் கரைக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஃபெஞ்சல் புயலை நினைத்துப் பாருங்கள். 2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி பாண்டிக்குப் பக்கத்தில் கரை கடந்தது, பாண்டியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஞாயிறு திருவண்ணாமலையில் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் செத்துப்போனார்கள். திங்கட்கிழமை ஊத்தங்கரையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்றிருந்த வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. வரிசையாகப் பாருங்கள், நாம் திரும்பி வருகிற அதே சாலை, அதே மூன்று நாள். நவம்பரில் போவதானால் பணம் திரும்பக் கிடைக்கிற மாதிரி ரூம் போடுங்கள், வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்த உடனே ரத்து செய்துவிடுங்கள்.

சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கப் போவது

கிழக்குக் கரை. விடியற்காலை அஞ்சே முக்காலுக்கு எழுந்து போங்கள்.

கடற்கரைச் சாலையில் குளிக்கலாம் என்று வருவது

காந்தி சிலைப் பக்கம் பெரிய பெரிய கருங்கல் கிடக்கிறதே, அதெல்லாம் கொட்டியது. 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்து வருகிற மணல் அதில் தடுபட்டு, ஊரின் மணல்கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோனது. மிச்சத்தைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். இப்போது தலைமைச் செயலகம் பக்கம் செயற்கைத் திட்டுப் போட்டுக் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. ஆனால் கல் மேல் ஏறி செல்ஃபி எடுப்பது, இரண்டு கல்லுக்கு நடுவே காலை நனைப்பது எல்லாம் வேண்டாம், பாசி வழுக்கும், பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. மணல் வேண்டும் என்றால் வீராம்பட்டினம் போங்கள், வலை பின்னிக்கொண்டிருக்கிற யாரிடமாவது "இன்னிக்கு இறங்கலாமாண்ணே" என்று கேட்டு, முழங்கால் வரைக்கும் மட்டும் இறங்குங்கள். ஏரி, நீச்சல் குளத்தில் பழகியவர்களுக்கு அந்த இழுப்பு தெரியாது.

மாத்ரிமந்திருக்கு நேரே போய் நிற்பது

ஆரோவில்லில் இருக்கிற தங்க உருண்டை மாதிரியான தியான மண்டபம் அது. உள்ளே போக முன்பதிவு வேண்டும். இல்லாவிட்டால் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வரலாம்.

ராத்திரி வண்டியோடு கடற்கரைச் சாலைக்குப் போவது

மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விட மாட்டார்கள். ரூம் அங்கேதான் என்றால் அதற்கு முன்னால் போய் நிறுத்திவிடுங்கள்.

பாட்டில்

வாங்கி வராதீர்கள். எல்லை தாண்டினால் தமிழ்நாடு, சோதனைச் சாவடி இருக்கிறது.

ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பது

ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி சாலையில் சந்தை கூடும், மத்தியானம் நல்ல சாப்பாடு கிடைக்கும், சாயங்காலம் காற்று நன்றாக இருக்கும். எழுந்து வர மனசு வராது. ஆனால் நாலு மணிக்குக் கிளம்புகிறவர்கள், ஏற்காட்டிலிருந்தும் சொந்த ஊர்களிலிருந்தும் திரும்புகிற எல்லாரோடும் சேர்ந்து ஒன்பது மணிக்குக் கிருஷ்ணகிரி டோலில் வந்து நிற்பார்கள். பத்து மணிக்குள் சந்தையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், சாப்பாட்டைத் திருவண்ணாமலையில் வைத்துக்கொள்ளலாம், மூன்று மணிக்கெல்லாம் கிருஷ்ணகிரி தாண்டிவிடும். அது முடியாது என்றால் திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஞாயிறு ராத்திரி அங்கேயே தூங்கி, விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்புங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். அம்மாவுக்கென்று ஒரு டப்பாவில் தயிர் சாதமும் வண்டியில் இருக்கும்.