எத்தனை பிள்ளை பெற்றோம் என்பதை வைத்து மார்பக அடர்த்தியைக் கணிக்காதீர்கள்

"மூணு பிள்ளை பெத்து, மூணுக்கும் பால் கொடுத்தாச்சு. எனக்கு எதுக்கு மேமோகிராம்?" மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயைத் தட்டிக் கழிக்கும் இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குப் பதறும். அதில் பாதி உண்மையும் இருப்பதால்தான் பலர் நம்பிவிடுகிறார்கள்.

மார்பகத்தில் பால் சுரப்பிகள், அவற்றைத் தாங்கும் நார்த்திசு, கொழுப்பு மூன்றும் கலந்திருக்கின்றன. முதல் இரண்டும் மிகுந்திருப்பதைத்தான் அடர்த்தி என்கிறோம். கர்ப்ப காலத்தில் சுரப்பிகள் பெருகி முதிர்கின்றன. குழந்தை பால்குடி மறந்தபின் அவை சுருங்க, அந்த இடத்தில் கொழுப்பு சேர்கிறது. அதனால் பிள்ளை பெற்றவர்களுக்குச் சராசரியாக அடர்த்தி குறைவு. பிரசவங்கள் கூடினால் இன்னும் சற்றுக் குறையும்.

ஆனால் சராசரி வேறு, உங்கள் உடம்பு வேறு. ஒரே வயதுப் பெண்களுக்குள் காணும் அடர்த்தி வேறுபாட்டில் ஏறக்குறைய 60 சதவீதம் மரபணுவால் வருவது என்று இரட்டையர்களிடம் செய்த ஆய்வு காட்டியது. வயது, உடல் எடை, மாதவிடாய் நின்றபின் எடுக்கும் ஹார்மோன் மாத்திரை எல்லாமே அடர்த்தியை மாற்றும். நான்கு பிள்ளை பெற்றவருக்கு அடர்த்தி அதிகமாக இருக்கலாம், பெறாதவருக்குக் குறைவாகவும் இருக்கலாம்.

தொட்டுப் பார்த்து முடிவு கட்டுவதும் தவறு. பால் கொடுத்துத் தளர்ந்த மார்பகம் அடர்த்தியில்லாதது என்று பொருளில்லை. மேமோகிராம் படத்தில் மட்டுமே அது தெரியும். ரிப்போர்ட்டில் ஏ, பி, சி, டி என்று நான்கு பிரிவு இருக்கும். சி, டி இரண்டும் அடர்த்தியானவை. அது நோயல்ல. 40 வயதைத் தாண்டிய பெண்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அப்படித்தான். கொழுப்பு படத்தில் கறுப்பாக விழும், அடர்ந்த திசு வெள்ளையாக விழும், கட்டியும் வெள்ளையாகவே விழும். பனிமூட்டத்துக்குள் வெள்ளைப் பசுவைத் தேடுவது போலத்தான். போதாததற்கு, அடர்த்தியே புற்றுநோய் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகிறது.

இளம் தாய்மார்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளை பெறுவது பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கும், ஆனால் அந்தப் பாதுகாப்பு உடனே வருவதில்லை. குழந்தை பிறந்த சில ஆண்டுகளுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது, சுமார் ஐந்தாம் ஆண்டில் உச்சம் தொடுகிறது. அந்த வயதில் நோயே அரிது என்பதால் பயப்பட வேண்டாம், அசட்டையாகவும் இருக்க வேண்டாம். கையில் தட்டுப்படும் கட்டியை "பால் கட்டுதான், தானா சரியாயிடும்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். பால் கட்டு, பாலை எடுத்தால் இளகும். ஓரிரு வாரத்தில் கரையாத கட்டியை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். "பால் கொடுக்கிறேன், டெஸ்ட் எடுக்கக் கூடாது" என்பதும் தவறான எண்ணம். அல்ட்ராசவுண்ட், மேமோகிராம் இரண்டுமே எடுக்கலாம், பால் கெடாது, குழந்தைக்குப் பாலை நிறுத்தவும் வேண்டாம். மேமோகிராமுக்குச் சற்று முன் பால் கொடுத்துவிட்டோ பீய்ச்சிவிட்டோ போனால் படம் தெளிவாக விழும்.

பரிசோதனைக்குப் போனால் எத்தனை பிரசவம், முதல் பிரசவத்தில் என்ன வயது என்று கேட்பார்கள். சங்கடப்பட்டு மாற்றிச் சொல்லாதீர்கள். ஆபத்தைக் கணக்கிட அந்த விவரம் வேண்டும். பிள்ளை இல்லாததால் அந்தக் கணக்கில் ஆபத்து கூடினாலும், அதைத் தங்கள் குற்றமாக யாரும் எடுத்துக்கொள்ளவே கூடாது.

ரிப்போர்ட்டில் சி அல்லது டி என்றிருந்தால், அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ கூடுதலாகத் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். 'நார்மல்' என்று வந்த பிறகும் புதுக் கட்டியோ, காம்பில் ரத்தக் கசிவோ, தோல் உள்ளிழுப்போ தெரிந்தால், அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் உடனே போய்க் காட்டுங்கள்.