இரண்டரை லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் சின்னக் காரைப் பார்த்துக்கொள்வது எப்படி

என் காரின் ஓடோமீட்டர் இப்போது 2,46,000 கிலோமீட்டர் காட்டுகிறது. 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின், ஐந்து கியர், வயது 15. ஒரே ஒருமுறை என்ஜினைப் பிரித்திருக்கிறேன். அது கார் செய்த தப்பு இல்லை, நான் செய்தது.

என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் பாட்டிலில் அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. நானும் பார்க்கும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றி மூடிக்கொண்டிருந்தேன். மூன்று மாதம் இப்படியே போனது. என்ஜினுக்குப் பின்னால், குனிந்தாலும் தெரியாத இடத்தில், விரல் பருமனில் ஒரு ஹீட்டர் ஹோஸ் (ரப்பர் குழாய்) கசிந்துகொண்டிருந்திருக்கிறது. ஒருநாள் வேகமாகப் போகும்போது அது பிய்த்துக்கொண்டது. வெப்பநிலை முள் ஏறவே இல்லை. சென்சார் கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும், கூலன்ட் மொத்தமாகப் போய்விட்டால் அதை நம்ப முடியாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. பிக்கப் விழுந்து, தட்டும் சத்தம் கேட்டு நிறுத்துவதற்குள் என்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் வளைந்துவிட்டது. அதன் அடியில் கசியாமல் அடைத்திருக்கும் கேஸ்கெட்டும் போயிற்று.

பிரேக், கிளட்ச் மாதிரி தேய்வதற்கென்றே இருப்பவற்றை விட்டுவிட்டால், இத்தனை வருடத்தில் என் காரில் தானாகக் கெட்ட உலோகப் பாகம் என்று எதுவும் நினைவுக்கு வரவில்லை. கெட்டதெல்லாம் ரப்பரும் திரவங்களும்தான். உலோகம் கெட்டபோதும் அவற்றைக் கவனிக்காததால்தான் கெட்டது. அதனால் என் பராமரிப்பு முழுக்க அந்த இரண்டைச் சுற்றியே நடக்கிறது.

கூலன்ட்டை என்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் மட்டும் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். பாட்டிலில் இரண்டு கோடுகளுக்கு நடுவே அளவு இருக்க வேண்டும். மாதத்துக்கு மாதம் இறங்கினால் ஊற்றி மறக்காமல், எங்கே போகிறது என்று தேடுங்கள். ஒவ்வொரு ஹோஸையும் விரலால் அழுத்திப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தாலும் கெட்டது, கல்லாக இறுகியிருந்தாலும் கெட்டது. கிளிப் பக்கத்தில் உப்பியிருந்தால் காத்திருக்கவே கூடாது. மாற்றும்போது பின்னால் ஒளிந்திருக்கும் மெல்லிய ஹோஸ்களையும் கிளிப்புகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் மூடியும் தேய்கிற பொருள்தான். அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும், துருவைத் தடுக்கும் மருந்து இருக்காது. காய்ச்சி வடித்த நீரில் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட்தான் சரி.

வெளியே எங்கும் கசிவே இல்லாமல் அளவு குறைகிறதா? என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் வெள்ளைப் புகை விடுகிறதா? ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் பால் மாதிரி படிந்திருந்தால், கிட்டத்திலேயே ஓடும் காரில் அது வெறும் ஈரமாகக்கூட இருக்கலாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் ஓட்டாதீர்கள்.

வயதான என்ஜின் ஆயில் குடிக்கும். என்னுடையது 2,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குடிக்கிறது. அதற்காக என்ஜினில் கை வைக்கப் போவதில்லை, அளவு குறையாமல் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். சமதளத்தில் நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கைத் துடைத்து இரண்டாம் முறை எடுத்துப் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் நீலப்புகை வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். அழுத்தி ஓட்டும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் பார்க்க வேண்டும்.

எல்லோரும் மறக்கும் திரவங்கள் இரண்டு. ஒன்று கியர் ஆயில். இன்னொன்று பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறியதற்கான அளவு 155தான். நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

பிஸ்டனும் வால்வும் நேரம் தவறாமல் அசையச் செய்யும் டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான். கையேட்டில் கிலோமீட்டர், வருடம் இரண்டும் போட்டிருப்பார்கள். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பல என்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வுகளில் மோதும். என் காருக்கு 80,000. கடைசியாக 2,40,000இல் வாட்டர் பம்ப்போடு சேர்த்து மாற்றினேன், ஏனென்றால் இரண்டுக்கும் பிரிக்கிற வேலை ஏறக்குறைய ஒன்றே. பழைய கார் வாங்குபவர்களே, “போன வருடம்தான் மாத்தினேன்” என்று வாயால் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடியில் பார்க்க வேண்டியது ஆக்சில் பூட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் பூட் கிழிந்திருக்கிறது. அந்த நிலையிலேயே மாற்றினால் ஜாயின்ட் பிழைக்கும். திரும்பும்போது கடகடவென்று கேட்ட பிறகு போனால் ஜாயின்ட்டையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான். வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது ஸ்டியரிங் நடுங்கி, லேசாக ஆக்சிலரேட்டர் மிதித்ததும் நடுக்கம் நின்றால், என்ஜினைத் தாங்கும் ரப்பரான என்ஜின் மவுன்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

டயரின் வயதை அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் சொல்லும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளம் நன்றாக இருக்கிறதே என்று வெடிப்பு விட்ட டயரில் ஓடாதீர்கள்.

என் காரிலேயே பயனுள்ள கருவி டேஷ்போர்டில் கிடக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, கிலோமீட்டர், எத்தனை லிட்டர், என்ன மாற்றினேன் என்று எழுதுவேன். ஒவ்வொரு முறையும் டேங்க்கை நிரப்பிக் கணக்குப் போட்டதால்தான், 17 கொடுத்துக்கொண்டிருந்த மைலேஜ் 14.5க்கு இறங்கியது கண்ணில் பட்டது. பிளக், ஃபில்டர் என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றத்தான் கை துடித்தது. அப்படிச் செய்தால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஓட்டி முடித்து ஒவ்வொரு சக்கரத்தின் அருகேயும் தொடாமல் கையை நீட்டிப் பார்த்தேன். முன் இடது சக்கரம் மட்டும் அனலாக இருந்தது. பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின் (pin) இறுகி, பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததோடு சரியாகிவிட்டது.

எது போனாலும் மாற்றலாம், பாடியில் துரு உள்ளே போய்விட்டால்தான் கஷ்டம். முன் கண்ணாடிக்குக் கீழே சேரும் சருகை அள்ளுங்கள், கதவுகளின் அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளைக் குச்சியால் குத்தி விடுங்கள். ஜாக் வைக்கும் விளிம்பையும் சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடங்களையும் ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். சஸ்பென்ஷன் சேரும் இடத்தில் ஸ்குரூடிரைவர் உள்ளே இறங்கினால் அந்தக் காருக்கு இனி செலவு செய்ய மாட்டேன். என் காரில் வலது பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு பொட்டு அளவு துரு இருக்கிறது. சுரண்டி, துருவைத் தடுக்கும் பிரைமர் அடித்து, தேதி போட்டு நோட்டில் எழுதியிருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி குனிந்து பார்க்க வேண்டும்.