பீகிள்போன் பிளாக்: மின்சாரம் வரும் வழிக்கு ஏற்பச் செயலியின் வேகத்தை மாற்றுதல்

பீகிள்போன் பிளாக் என்னும் சிறிய ஒற்றைப் பலகைக் கணினிக்கு 5 வோல்ட் அடாப்டர் மூலமும் மின்சாரம் கொடுக்கலாம், மடிக்கணினியின் யூஎஸ்பி துளையிலிருந்தும் கொடுக்கலாம். பொதுவான யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லியாம்பியர் வரைதான் தரும் என்பதால், செயலி 1 கிகாஹெர்ட்ஸில் ஓடும்போது வைஃபை டாங்கிள் போன்ற ஒன்றையும் செருகினால் பலகை திடீரென அணைந்துவிட வாய்ப்புண்டு. 2011இல் வந்த முதல் பீகிள்போனில் இதற்கு ஏற்பாடு இருந்தது: அடாப்டர் இல்லையென்றால் யூ-பூட் என்னும் தொடக்க நிரல் வேகத்தை உயர்த்தாமல் 500 மெகாஹெர்ட்ஸிலேயே விட்டுவிடும், இருந்தால் 720 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றும். பிளாக் பலகைக்கு அந்தச் சோதனை இல்லாததால், அதை லினக்ஸில் நாமே அமைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்பதை அறிய வேண்டும். லினக்ஸின் மைய நிரலான கர்னலின் பவர் சப்ளை அடைவில் தெரியும் 'ஆன்லைன்' கோப்பு இதற்கு உதவாது. அடாப்டர், யூஎஸ்பி இரண்டில் எது இருந்தாலும் அது 1 என்றே காட்டும். ஆகவே டிபிஎஸ்65217 என்னும் மின் மேலாண்மைச் சில்லிடமே நேரடியாகக் கேட்பது நல்லது. அது சில்லுகளை இணைக்கும் ஐ2சி என்னும் தொடர்புப் பாட்டை 0இல், பதினாறடிமான முகவரி 24இல் இருக்கிறது. அதன் நிலைப் பதிவகத்தின் (நிலையைக் காட்டும், சில்லுக்குள் உள்ள சிறு நினைவிடம்) எண் பதின்மக் கணக்கில் 10. கர்னல் ஏற்கெனவே அந்தச் சில்லைப் பிடித்து வைத்திருப்பதால், அதைப் படிக்கும் ஐ2சிகெட் கட்டளைக்குக் கட்டாயப்படுத்தும் விருப்பத்தைச் சேர்க்க வேண்டும். படிப்பதில் ஆபத்தில்லை, ஆனால் அதே சில்லில் எழுதிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், ஏனெனில் செயலிக்குப் போகும் மின்னழுத்தம் அங்கேதான் தீர்மானமாகிறது.

கிடைக்கும் எண்ணில் 8 என்ற மதிப்புள்ள பிட் அடாப்டரையும் 4 என்ற மதிப்புள்ள பிட் யூஎஸ்பியையும் குறிக்கும். இரண்டும் செருகப்பட்டிருந்தால் 12 வரும் என்பதால், எண் 8க்குச் சமமா என்று ஒப்பிடாமல், 8 மதிப்புள்ள பிட் எழுந்திருக்கிறதா என்பதை மட்டும் பிட்வாரியான 'அண்ட்' செயலால் சோதிக்க வேண்டும். இரண்டு பிட்டும் இல்லையென்றால் பலகை பேட்டரியில் ஓடுகிறது.

அடுத்து, வேகத்தை ஒரே எண்ணில் பூட்டாமல், அதன் உச்சவரம்பை மட்டும் மாற்றுங்கள். சிபியு0இன் சிபியுஃப்ரீக் அடைவில் உள்ள 'ஸ்கேலிங்_மேக்ஸ்_ஃப்ரீக்' கோப்பில் ரூட் உரிமையுடன் கிலோஹெர்ட்ஸ் கணக்கில் எழுத வேண்டும்: அடாப்டருக்கு 1000000, யூஎஸ்பிக்கு 600000, பேட்டரிக்கு 300000. வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் கவர்னர்களில் எது இயங்கினாலும் இந்த வரம்புக்குக் கட்டுப்படும் என்பதே இம்முறையின் வசதி.

யூஎஸ்பிக்கு 600 மெகாஹெர்ட்ஸை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் மின்னழுத்தம். 1 கிகாஹெர்ட்ஸுக்குச் செயலியின் மையப்பகுதி 1.325 வோல்ட் கேட்கிறது; 600க்கு 1.1 வோல்ட் போதும். செயலி இயங்குவதால் ஆகும் மின்செலவு வேகத்துக்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் ஏற்ப மாறுவதால், வேகம் 60 சதவீதமாகும்போது அந்தச் செலவு ஏறக்குறைய 41 சதவீதமாகிவிடும். 800இல் 1.26 வோல்ட் வேண்டியிருப்பதால் அங்கே மிச்சம் குறைவு. நினைவகமும் ஈத்தர்நெட்டும் எடுக்கும் மின்சாரம் இதனால் குறையாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இவ்வளவையும் ஒரு சிறு ஷெல் நிரலாக எழுதி, குறித்த இடைவெளியில் நிரலை இயக்கும் சிஸ்டம்டி டைமர் மூலம் 10 நொடிக்கு ஒருமுறை ஓடச் செய்யலாம். நிரல் தொடங்கியதும் வரம்பை 600க்கு இறக்கிவிட்டுப் பிறகு சோதிப்பதைவிட, முதலில் படித்துவிட்டு, மதிப்பு மாறியிருந்தால் மட்டும் எழுதுவது மேல். இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் வீணாக ஏறி இறங்கும். ஐ2சி வாசிப்பு தோற்றுப்போனால் யூஎஸ்பி என்றே எடுத்துக்கொள்ளும்படி எழுதுங்கள். அடாப்டரைப் பிடுங்கிய கணத்திற்கும் அடுத்த சோதனைக்கும் இடையே பலகை முழு வேகத்திலேயே இருக்கும். அந்த இடைவெளி பொறுக்காத திட்டமென்றால், வரம்பை நிரந்தரமாக 600இல் வைத்துவிடுவதே சரி.

சரிபார்க்க, அடாப்டரைக் கழற்றிச் செருகியபடி 'ஸ்கேலிங்_கர்_ஃப்ரீக்' கோப்பைப் படியுங்கள். கர்னலில் புள்ளிவிவர வசதி இருந்தால், 'டைம்_இன்_ஸ்டேட்' கோப்பு ஒவ்வொரு வேகத்திலும் செயலி எவ்வளவு நேரம் இருந்தது என்பதைக் காட்டும். யூஎஸ்பியில் ஓடும்போது 1000000க்கு எதிரே உள்ள எண் வளரக் கூடாது.