நிலத்தில் கிடைத்த கல் பழங்காலக் கருவியா? பெங்களூரு பக்கம் பார்க்கும் முறை

ஆனேக்கல், ஹொசக்கோட்டை, தேவனஹள்ளி பக்கம் நிலம் வாங்கிப் போட்டிருக்கும் தமிழர்கள் பெங்களூரில் நிறைய. மழைக்குப் பிறகு, உழுத மண்ணில் கூரான கல் ஒன்று கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. கையை நீட்டும் முன் படம்

கல் கிடக்கிற கிடையிலேயே, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். மொபைல் மேப்பில் இடத்தைக் குறித்து வையுங்கள். அடுத்தவர் நிலம் என்றால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் கல்லை எடுக்க வேண்டும். தோண்டவே கூடாது. சென்னைக்கு அருகே அத்திரம்பாக்கத்துக் கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 2011இல் சொன்னது. அவை எந்த மண் அடுக்கில், எவ்வளவு காலம் புதைந்திருந்தன என்று ஆராய்ந்துதான் அதைச் சொல்ல முடிந்தது. கிடந்த இடம் தெரியாவிட்டால் நல்ல கருவிகூட அலமாரிப் பொருள் ஆகிவிடும்.

2. இது இந்த மண்ணின் கல்தானா?

வடிவத்தைப் பார்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தவறவிடுகிறார்கள். பெங்களூரின் அடிப்பாறை லால்பாக் குன்றில் தெரிகிற மாதிரியான நைஸ், கிரானைட் வகை. அதில் மணிகள் (கல்லுக்குள் தெரியும் துகள்கள்) பெரியவை, கூரான சில்லு சீராகப் பெயராது. கருவி செய்தவர்கள் தேடியது மணி நுண்மையான கல்: கறுத்த டோலரைட், குவார்ட்சைட், செர்ட். வெள்ளைக் குவார்ட்ஸும் உண்டு. ஜலஹள்ளியில் கிடைத்த சின்னஞ்சிறு கருவிகள் அந்தக் கல்லில் செய்தவை.

ஆகவே சுற்றிலும் இல்லாத வகைக் கல் தனியாகக் கிடந்தால் கவனியுங்கள். ஆனால் லேஅவுட் போட்ட நிலம், சாலையோரம், லாரி மண் கொட்டிய இடம் என்றால் எதையும் நம்பாதீர்கள். கிரஷர் ஜல்லியும் கூராகத்தான் உடையும்.

3. அடித்த தடயம்

கல்லைக் காலை வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் சில்லு பெயர்ந்த தழும்புகள் தெரியும். மனிதர் தட்டிப் பெயர்த்த சில்லில், அடி விழுந்த சிறு தட்டை இடமும், அதற்குக் கீழே லேசான புடைப்பும் இருக்கும். அங்கிருந்து குளத்து அலைபோல வளைவுகள் பரவியிருக்கும். குவார்ட்ஸில் மட்டும் இவை சரியாகத் தெரியாது, அதை நிபுணரிடம் விட்டுவிடுவதே நல்லது.

ஒரே ஒரு தழும்பு போதாது. கலப்பை பட்டாலும் ஒரு சில்லு தெறிக்கும். ஒரு விளிம்பு நெடுக, அடுத்தடுத்து, முடிந்தால் இரண்டு பக்கமும் பெயர்த்திருக்க வேண்டும். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கல்லை மனிதர் செய்த கருவி என்று அவர் அடையாளம் கண்டதும் இப்படிச் செதுக்கிய தடயத்தால்தான்.

நிறத்தையும் பாருங்கள். பழைய தழும்புகள் மங்கி, மேல்தோலை ஒட்டிய நிறத்துக்கு வந்திருக்கும். மங்கிய கல்லில் ஒரு மூலை மட்டும் பளிச்சென்று இருந்தால், அது அண்மையில் டிராக்டர் பட்ட இடம். எல்லாத் தழும்பும் பளிச்சென்று இருந்தால் கல்லை விட்டுவிடலாம்.

4. தேய்த்த கோடரி

புதிய கற்காலக் கோடரியைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆற்றுக் கூழாங்கல் எல்லாப் பக்கமும் உருண்டு வழவழப்பாக இருக்கும். கோடரியில் ஒரு முனை குறுகி, மறுமுனை இரு பக்கமும் தேய்த்து வெட்டுவாயாக ஆக்கப்பட்டிருக்கும். கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் இவற்றைக் கோயிலில் வைத்துக் கும்பிடும் ஊர்கள் உண்டு. அவற்றைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஊராரிடம் கேட்டுப் படம் மட்டும் எடுங்கள்.

5. கழுவுவது

வெறும் தண்ணீர், மென்மையான பிரஷ். ஆசிட், எண்ணெய், கம்பி நார் வேண்டாம்.

6. யாரிடம் காட்டுவது

இந்தியத் தொல்லியல் துறையின் பெங்களூரு வட்ட அலுவலகம் கோரமங்களா கேந்திரிய சதனில் இருக்கிறது. ஓசூர்ப் பக்க நிலம் என்றால் தமிழ்நாடு தொல்லியல் துறை. விற்கும் எண்ணம் வேண்டாம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. கல்லின் இரு முகம், விளிம்பு, கிடந்த இடம் ஆகிய படங்களோடு அளவு, கண்ட தேதி, அந்த நிலத்தில் வெளிமண் கொட்டப்பட்டதா என்ற தகவலையும் எழுதி அனுப்புங்கள். அருகில் அதே மாதிரிச் சில்லுகள் வேறு கிடந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், ஏனென்றால் அது கருவி செய்த இடமாகவே இருக்கலாம்.