மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போகிறீர்களா? படம் எடுப்பவள் சொல்கிறேன்

மாதவிடாய் நிற்காதவர்கள், அது முடிந்த அடுத்த வாரத்தில் நாள் குறித்துக்கொள்ளுங்கள். வலி குறைவாக இருக்கும். அன்று அக்குளில் பவுடர், டியோடரன்ட் எதுவும் வேண்டாம். ஒருமுறை படத்தில் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். சில நேரம் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கும் சுண்ணாம்புப் படிவோ என்று எனக்கே வயிற்றைக் கலக்கியது. துடைத்துவிட்டு மறுபடி எடுத்தேன், காணோம். வெறும் பவுடர்!

மார்புத் திசு அடர்த்தி என்று பழைய ரிப்போர்ட்டில் இருந்தால் டோமோசிந்தசிஸ் (முப்பரிமாண மேமோகிராம்) உண்டா என்று கேளுங்கள். சாதாரணப் படத்தில் அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஒன்று மற்றொன்றை மறைத்துவிடும். டோமோவில் எக்ஸ்ரே குழாய் வில்போல் நகர்ந்து பல கோணங்களில் எடுக்கும். கணினி அதைச் சுமார் 1 மி.மீ. அடுக்குகளாக்கித் தரும். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவது மாதிரி.

படம் எடுக்க மார்பைத் தட்டு அழுத்தும்போது தோளைத் தொங்கவிடுங்கள். விறைத்துக்கொண்டால்தான் வலி அதிகம். சில விநாடிகள்தான். அசைந்தால் படம் கலங்கிவிடும், அப்புறம் மறுபடியும் அழுத்த வேண்டியிருக்கும் (எனக்கும் அது பிடிக்காது).

கான்ட்ராஸ்ட் மேமோகிராம் என்றால் படத்தில் சந்தேகமான இடம் பளிச்சென்று தெரிய ரத்தக் குழாயில் அயோடின் மருந்து ஏற்றுவோம். சிறுநீரகக் கோளாறு, அலர்ஜி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

பழைய படங்களைக் கட்டாயம் கொண்டு வாருங்கள். மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருந்தால் இடத்தைக் காட்டுங்கள். படம் சுத்தமாக வந்தாலும் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் விடாதீர்கள்.