சின்ன ஆன்லைன் கடைக்கு கட்டுப்படியாகுற ஷாப்பிங் கார்ட்: எப்படி பாத்து எடுக்குறது?

இன்ஸ்டாகிராம்லயும் வாட்ஸ்அப் குரூப்லயும் பொருள் வித்துட்டு இருக்குற நிறைய பேர் ஒரு கட்டத்துல சொந்தமா ஒரு வெப்சைட் போட்டா என்னன்னு யோசிப்பாங்க. அப்படி வெப்சைட்ல பொருள காட்டி, ஆர்டர் எடுத்து, பணம் வாங்குற சாஃப்ட்வேரத்தான் ஷாப்பிங் கார்ட்னு சொல்றோம், தேடிப் பாத்தா பத்து கம்பெனி பத்து விலை சொல்லும், ஒண்ணு ஃப்ரீங்கும், ஒண்ணு மாசம் ரெண்டாயிரம் கேக்கும், எது நமக்கு சரின்னு பிடிபடாது. அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். போர்டுல போட்டிருக்குற விலைய பாத்து முடிவு பண்ணாதீங்க, உங்க கடைக்கு வர்ற ஒவ்வொரு ஆர்டருக்கும் மொத்தமா எவ்வளவு கைய விட்டுப் போகுதுன்னு கணக்கு போட்டு முடிவு பண்ணுங்க. இதத்தான் கடைசி வரைக்கும் சொல்லப்போறேன்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு கடைய எடுத்துக்குவோம். சின்னாளப்பட்டி சுங்குடி சேலை விக்கிற கடை, சேலை 900 ரூபா, மாசம் 30 ஆர்டர். உங்க பொருள் வேறயா இருந்தா உங்க நம்பர போட்டுக்கோங்க.

ஸ்டெப் 1: கார்ட் வேணுமான்னு மொதல்ல பாருங்க

மாசம் பத்து ஆர்டர்தான் வருதுன்னா இப்போதைக்கு வேணாம். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்ல கேட்டலாக் இருக்கு, 500 பொருள் வரைக்கும் போடலாம், காசு கிடையாது, அதுவே போதும்.

எப்ப வேணும்னா, ஒரே சேலைய ரெண்டு பேர் கேட்டு ரெண்டு பேருமே பணம் அனுப்பிட்டாங்கன்னு வர்றப்ப வேணும். சுங்குடி மாதிரி கையால முடிச்சு போட்டு சாயம் ஏத்துற துணியில ஒவ்வொண்ணும் ஒரு பீஸ்தான் இருக்கும், ஒருத்தருக்கு "வித்துடுச்சுங்க, பணத்த திருப்பி அனுப்புறேன்"னு சொல்ல வேண்டி வந்தா அந்த கஸ்டமர் திரும்ப வர்றது சந்தேகம்தான். ஸ்டாக் தானா குறையணும், அட்ரஸ் ஒழுங்கா ஒரே இடத்துல சேரணும், நீங்க தூங்குறப்பவும் ஆர்டர் விழணும், இந்த மூணும் தேவைப்படுற நாள் வந்தா கார்ட் வாங்குற நாளும் வந்துடுச்சு.

ஸ்டெப் 2: வாடகை வீடா, சொந்த வீடா

கடைசியில எல்லா சாஃப்ட்வேரும் இந்த ரெண்டுல ஒண்ணுக்குள்ள அடங்கிடும்.

வாடகைன்னா ஷாப்பிஃபை, ஜோஹோ காமர்ஸ் மாதிரி. மாசாமாசம் பணம் கட்டுவீங்க, சர்வர், செக்யூரிட்டி, அப்டேட் எல்லாம் அவங்க பாத்துப்பாங்க. ஷாப்பிஃபை கனடா கம்பெனி, 2006-லேர்ந்து இருக்கு, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதவிட ஈஸியா ஒண்ணு கிடைக்கிறது கஷ்டம், அத நான் மனசாரவே சொல்லுவேன். ஜோஹோ நம்ம சென்னை கம்பெனி, ஏற்கனவே அவங்க பில்லிங் சாஃப்ட்வேர் வெச்சிருக்கவங்களுக்கு கணக்கு வழக்கு அதோடவே சேந்துக்கும்.

சொந்த வீடுன்னா வூகாமர்ஸ், ஓப்பன்கார்ட். சாஃப்ட்வேர் இலவசம், ஓப்பன் சோர்ஸ், அதாவது அதோட கோடு எல்லாருக்கும் திறந்திருக்கும். ஆனா டொமைன் (வெப்சைட்டோட பேர்), ஹோஸ்டிங் (சைட்ட வெக்கிற சர்வர் இடம்) நீங்கதான் வாங்கணும், பராமரிப்பும் உங்க தலையிலதான். வூகாமர்ஸ் 2011-ல வந்தது, வேர்ட்பிரஸ்ங்கிற வெப்சைட் செய்யுற சாஃப்ட்வேர் மேல உக்கார்ற பிளகின், அதாவது கூடுதல் வசதி தர்ற துணை சாஃப்ட்வேர், அதனால வேர்ட்பிரஸ் தெரிஞ்ச ஆள் ஊருக்கு ஊர் கிடைப்பாங்க, மாட்டிக்கிட்டா கேக்குறதுக்கு ஆள் இருக்கும். ஓப்பன்கார்ட் லேசானது, நல்லதுதான், ஆனா உதவிக்கு ஆள் கம்மி, அதனால புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்றதில்ல.

ஸ்டெப் 3: ஒரு ஆர்டருக்கு எவ்வளவு, பேப்பர எடுங்க

இந்த ஸ்டெப்ப மட்டும் தயவுசெஞ்சு தாண்டிப் போயிடாதீங்க.

சுங்குடி கடைக்கு மாச விற்பனை 30 தடவ 900, அதாவது 27,000. கார்டு, நெட் பேங்கிங்ல பணம் வாங்க ஒரு பேமென்ட் கேட்வே வேணும், அதாவது கஸ்டமர்கிட்ட பணத்த வாங்கி நம்ம அக்கவுன்ட்ல சேக்குற கம்பெனி, நம்ம ஊர்ல வழக்கமான ரேட் 2 சதவீதம், அந்த 2 சதவீதத்து மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 2.36. நம்ம கடைக்கு மாசம் 637 ரூபா. கேட்வே வழியா பணம் வாங்குனா எந்த சாஃப்ட்வேர் எடுத்தாலும் இது போகும்.

இப்ப ஷாப்பிஃபை. மாச வாடகை சுமாரா 2,000-னு வெச்சுக்குவோம், வருஷத்துக்கு மொத்தமா கட்டுனா குறையும். இதுல நிறைய பேர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு, ஷாப்பிஃபை தன்னோட சொந்த பேமென்ட் வசதிய இந்தியாவுல கொடுக்குறதில்ல, வெளி கேட்வேதான் போடணும், வெளி கேட்வே போட்டா பேசிக் பிளான்ல அவங்க தனியா 2 சதவீதம் எடுப்பாங்க. அது 540. மொத்தம் 3,177, ஆர்டருக்கு 106 ரூபா.

வூகாமர்ஸுக்கு ஹோஸ்டிங் மாசம் 350, டொமைன் மாசக் கணக்குல 70, கேட்வே 637. மொத்தம் 1,057, ஆர்டருக்கு 35 ரூபா.

அப்ப வூகாமர்ஸ்தானேன்னு கெளம்பிடாதீங்க, இருங்க. பிளகின் அப்டேட் பண்றது, பேக்கப் எடுக்குறது, சைட் படுத்தா எழுப்புறது இதெல்லாம் உங்களால முடியாம ஒருத்தருக்கு மாசம் 2,000 கொடுக்குறீங்கன்னா மொத்தம் 3,057, ஆர்டருக்கு 102. ரெண்டும் ஒண்ணாயிடுச்சு பாருங்க. அப்படி இருந்தா பேசாம வாடகைக்கே போயிடலாம், நிம்மதியாவது மிஞ்சும்.

ஆர்டர் 300 ஆனா கதை மாறும். வாடகையில 2,000 அப்படியே நிக்கும், ஆனா அந்த 2 சதவீதம் 5,400 ஆயிடும், கேட்வே 6,372, மொத்தம் 13,772, ஆர்டருக்கு 46 ரூபா. வூகாமர்ஸ்ல பெரிய ஹோஸ்டிங் 1,500, டொமைன் 70, பராமரிப்பு ஆளுக்கு 2,000, கேட்வே 6,372, மொத்தம் 9,942, ஆர்டருக்கு 33. மாசம் கிட்டத்தட்ட நாலாயிரம் வித்தியாசம்.

வாடகைக்கு எடுக்குற எந்த சாஃப்ட்வேர்லயும் மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி "மாசம் எவ்வளவு" இல்ல, "ஒவ்வொரு விற்பனைக்கும் நீங்க தனியா ஏதாவது எடுப்பீங்களா"ங்கிறதுதான். ஜோஹோ காமர்ஸ் தன் பங்குக்கு அப்படி எடுக்குறதில்ல, அதனால கணக்குல அதையும் ஒரு வரிசையா போட்டுப் பாருங்க.

ஹோஸ்டிங் வாங்குறப்ப இன்னொண்ணு, விளம்பரத்துல இருக்குற விலை மொத தடவைக்கு மட்டும்தான், ரினியூவல் விலை அதவிட ரெண்டு மூணு மடங்கு இருக்கும், அந்த ரினியூவல் விலைய வெச்சு கணக்கு போடுங்க. எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட்டுக்கு (சைட்டுக்கும் கஸ்டமருக்கும் நடுவுல போற தகவல பாதுகாக்குறது) தனியா காசு கேட்டா கொடுக்காதீங்க, லெட்ஸ் என்க்ரிப்ட்ங்கிற அமைப்பு இலவசமா கொடுக்குது, அத போட்டுத் தர்ற ஹோஸ்டிங்கா பாத்து வாங்குங்க.

ஸ்டெப் 4: பணம் வாங்குற வழி

கேட்வே அக்கவுன்ட்டுக்கு பான், பேங்க் அக்கவுன்ட், அதோட வெப்சைட்ல ரிட்டர்ன், ஷிப்பிங், பிரைவசி பாலிசி பக்கங்களும் கான்டாக்ட் பக்கமும் இருக்கணும். இது இல்லாம அப்ளை பண்ணி ரிஜெக்ட் ஆகுறவங்கதான் ஜாஸ்தி, அதனால மொதல்ல பக்கத்த எழுதுங்க, அப்புறம் அப்ளை பண்ணுங்க.

யூபிஐ-க்கு 2020 ஜனவரியிலேர்ந்து எம்டிஆர், அதாவது பணம் வாங்குறதுக்கு கடைக்காரர்கிட்ட எடுக்குற கட்டணம், கிடையாது, ஆனா கேட்வே வழியா வர்ற யூபிஐ-க்கு அவங்க பிளாட்ஃபார்ம் சார்ஜ்னு போடுவாங்களான்னு எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. ஆர்டர் கம்மியா இருக்குறப்ப கேட்வேயே இல்லாமலும் ஆரம்பிக்கலாம், வூகாமர்ஸ்ல பேங்க் டிரான்ஸ்ஃபர்னு ஒரு ஆப்ஷன் உள்ளயே இருக்கு, அதுல உங்க யூபிஐ ஐடிய எழுதி வெச்சா கஸ்டமர் நேரா அனுப்பிடுவாங்க. ஆனா ஒண்ணு, அவங்க அனுப்புற ஸ்க்ரீன்ஷாட்ட நம்பி பார்சல் போடாதீங்க, பேங்க் அக்கவுன்ட்ல பணம் ஏறியிருக்கான்னு பாத்துட்டுதான் போடணும், போலி ஸ்க்ரீன்ஷாட் ரொம்ப சாதாரணமாயிடுச்சு.

கார்டு நம்பர உங்க சைட்லயே சேமிச்சு வெக்கிற எந்த பிளகினும் வேணாம். கடைக்காரங்க கஸ்டமரோட கார்டு நம்பர வெச்சிருக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2022 அக்டோபர் 1-லேர்ந்து சொல்லிடுச்சு.

ஸ்டெப் 5: ஸ்டாக்கும் ஷிப்பிங்கும்

ஒரே பீஸ் சேலைக்கு இதுதான் உயிர். வூகாமர்ஸ்ல இன்வென்டரி செட்டிங்ல, பணம் கட்டாம நிக்கிற ஆர்டருக்கு ஸ்டாக்க எத்தன நிமிஷம் பிடிச்சு வெக்கிறதுன்னு ஒரு கட்டம் இருக்கும், தானா 60 நிமிஷம்னு இருக்கும், அதுக்குள்ள பணம் வரலன்னா ஆர்டர் கேன்சல் ஆகி சேலை திரும்ப விற்பனைக்கு வந்துடும். ஆனா பேங்க் டிரான்ஸ்ஃபர்ல வந்த ஆர்டருக்கு இது நடக்காது, அது 'ஆன் ஹோல்டு'ல அப்படியே நிக்கும், சேலையும் மாட்டிக்கும். அதனால தினமும் சாயங்காலம் ஒரு தடவ உள்ள போய் பணம் வராதத கையால கேன்சல் பண்ணுங்க.

ஷிப்பிங்ல ஜோன்னு ஒண்ணு இருக்கு, எந்தெந்த பகுதிக்கு அனுப்புவோம்னு பிரிச்சு வெக்கிறது, அதுதான் நம்ம ஆளுங்களுக்கு ரொம்ப பயன்படும். பொருள் விக்கிறவங்களுக்கு நம்ம மாநிலத்துக்குள்ள மட்டும் வித்தா வருஷம் 40 லட்சம் வரைக்கும் ஜிஎஸ்டி ரெஜிஸ்ட்ரேஷன் தேவையில்ல, ஆனா வேற மாநிலத்துக்கு அனுப்புனா விற்பனை எவ்வளவு கம்மியா இருந்தாலும் வேணும்ங்கிறதுதான் பொது விதி, சில கைவினைப் பொருளுக்கு மட்டும் விலக்கு உண்டு, உங்க பொருள் அதுல வருதான்னு ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கோங்க. ஜிஎஸ்டி எடுக்குற வரைக்கும் தமிழ்நாடுன்னு ஒரே ஒரு ஜோன் மட்டும் போடுங்க, மத்த இடத்துக்கு எந்த ஷிப்பிங் முறையும் வெக்காதீங்க, அப்ப பெங்களூர் அட்ரஸ் போட்டா செக்அவுட் முடியாது.

கூரியர் ரேட்டு எடைக்கு ஏத்த மாதிரி மாறும். சேலைக்கு எண்ணிக்கைய வெச்சு கட்டணம் போட்டாலே போதும், அந்த வசதி வூகாமர்ஸ்ல உள்ளயே இருக்கு, பொடி, ஊறுகாய் விக்கிறவங்கதான் எடைக்கணக்கு பிளகின் தனியா பாக்கணும்.

கேஷ் ஆன் டெலிவரி ஆரம்பத்துல வேணாம்னுதான் சொல்லுவேன். வாங்காம திருப்பி அனுப்புனா போற கூரியர் காசும் திரும்பி வர்ற கூரியர் காசும் நம்ம கையில இருந்துதான் போகும், 900 ரூபா சேலையில அது லாபத்தையே தின்னுடும்.

ஸ்டெப் 6: வெளிய வர்ற வழிய மொதல்லயே பாருங்க

ட்ரையல்ல இருக்குறப்பவே நாலஞ்சு பொருள், ரெண்டு ஆர்டர் போட்டுட்டு அதையெல்லாம் சிஎஸ்வி ஃபைலா (எக்செல்ல திறக்குற பட்டியல்) எக்ஸ்போர்ட் பண்ணிப் பாருங்க. பொருள் லிஸ்ட், கஸ்டமர் லிஸ்ட், ஆர்டர் லிஸ்ட் மூணும் வரணும். இத கொடுக்காத சாஃப்ட்வேர் எவ்வளவு சீப்பா இருந்தாலும் தொடாதீங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அவங்க விலைய ஏத்துனா உங்களால நகர முடியாது. டொமைன் பேர உங்க பேர்ல, உங்க ஈமெயில்லயே வாங்குங்க, சைட் செஞ்சு தர்றவர் பேர்ல வேணாம், அவரு எவ்வளவு தெரிஞ்சவரா இருந்தாலும் சரி.

ஸ்டெப் 7: திறக்குறதுக்கு முன்னாடி

தமிழ்ல பொருள் பேர் வெச்சா லிங்க்குல அது சதவீதக் குறியும் நம்பருமா ஒரு முழம் நீளத்துக்கு மாறிடும், வாட்ஸ்அப்ல அனுப்புனா ஏதோ வைரஸ்னு நெனச்சு யாரும் தொட மாட்டாங்க. பேர் தமிழ்லயே இருக்கட்டும், வேர்ட்பிரஸ்ல ஸ்லக்னு இருக்குற இடத்துல (லிங்க்கோட கடைசிப் பகுதி) மட்டும் சின்னதா ஆங்கில எழுத்துல மாத்திடுங்க.

ஆர்டர் மெயில் ஸ்பாம்ல விழுதான்னு பாருங்க, சாதா ஹோஸ்டிங்ல பெரும்பாலும் விழும், ஒரு எஸ்எம்டிபி பிளகின், அதாவது மெயில ஒழுங்கான மெயில் சர்வர் வழியா அனுப்புறது, போட்டா சரியாயிடும்.

அப்புறம் உங்க வீட்டுல கம்ப்யூட்டர் பழக்கமே இல்லாத ஒருத்தர்கிட்ட, அம்மாவோ அத்தையோ, ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன கொடுத்து ஒரு சேலைய நெஜப் பணம் கட்டி வாங்கச் சொல்லுங்க. பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுக்காதீங்க, எங்க நிக்கிறாங்கன்னு மட்டும் பாருங்க. பின்கோடு கேக்குற இடத்துல நிக்கிறாங்களா, அக்கவுன்ட் ஓப்பன் பண்ணச் சொல்ற இடத்துல போன கீழ வெச்சுடுறாங்களா. அக்கவுன்ட் இல்லாமலே வாங்குற ஆப்ஷன ஆன் பண்ணுங்க, தேவையில்லாத கட்டத்த தூக்குங்க, திரும்ப வாங்கச் சொல்லுங்க. கடைசியா அந்த ஆர்டருக்கு நீங்களே ஒரு ரீஃபண்ட் போட்டுப் பாருங்க, பணம் எத்தன நாள்ல திரும்புது, கேட்வே கட்டணம் திரும்புதா இல்லையான்னு தெரிஞ்சா உங்க ரிட்டர்ன் பாலிசியில என்ன எழுதணும்னு தெரிஞ்சுடும்.